உடற்குழிச் சவ்வுகளில் உள்ள பால் புள்ளிகள் பற்றி

நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வரும் திசுக்களில் மிகக் குறைந்த கவனத்தைப் பெறுவது ஒமென்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரைப்பையின் கீழ் விளிம்பிலிருந்து தொங்கி, குடல்களின் மேல் கொழுப்பு மிகுந்த மடிப்பாகப் படர்ந்திருக்கும் இந்தச் சவ்வை, சூலகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையின்போது அகற்றி எங்களிடம் அனுப்புகிறார்கள். நாங்கள் அதை மெல்லிய துண்டங்களாக அறுத்து, ஒவ்வொரு துண்டத்தையும் விரல்களால் தடவி, கெட்டியாக ஏதேனும் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறோம். தட்டுப்பட்டால் அந்த இடத்தை எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்புகிறோம். எதுவும் தட்டுப்படாமல், எடுத்த மாதிரிகளிலும் புற்றுச் செல்கள் இல்லையென்றால், ‘கொழுப்புத் திசு, புற்று இல்லை’ என்று ஒரு வரியில் அறிக்கையை முடித்துவிடுகிறோம். அந்தக் கொழுப்புக்குள் வயிற்றறை முழுவதையும் கண்காணிக்கும் நோயெதிர்ப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது என்பதற்கு அந்த ஒற்றை வரியில் இடமில்லை. பல ஆண்டுகளாக எனக்கு இருந்துவரும் இந்தக் குறைதான் இப்பதிவை எழுதத் தூண்டியது.

முதலில் உடற்குழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயிற்றறை, இரு நுரையீரல்களைச் சுற்றியுள்ள புளூரா அறைகள், இதயத்தைச் சுற்றியுள்ள பெரிகார்டியம் ஆகிய எல்லாமே மீசோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன வழவழப்பான சவ்வால் மூடப்பட்டவை. உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உராயாமல் நகர, அந்தச் சவ்வுகளுக்கு இடையே சிறிதளவு திரவம் எப்போதும் இருக்கிறது. ஆரோக்கியமானவரின் இதய உறைக்குள் ஏறத்தாழ 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை இருக்கலாம். நுரையீரல் உறையிலும் வயிற்றறையிலும் இருப்பதும் சொற்பமே. ஆனால் இந்தச் சொற்பமான திரவம் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு ஒரு பெரிய சிக்கலை உண்டாக்குகிறது. கையில் முள் குத்தினால், அங்கு நுழைந்த கிருமியை நிணநீர்க் குழாய்கள் அக்குளில் உள்ள நிணநீர்க்கணுவுக்குக் கொண்டு சேர்க்கும். அங்கே அதை அடையாளம் காணும் செல்கள் தயாராக இருக்கும். குடலில் ஓட்டை விழுந்து வயிற்றறைக்குள் சிந்தும் பாக்டீரியாவின் நிலைமை வேறு. அது திசுவுக்குள் இல்லை, குழாய்க்குள்ளும் இல்லை. திறந்த வெளியில், ஓடிக்கொண்டே இருக்கும் திரவத்தில் மிதக்கிறது. அதை எங்கே, யார் பிடிப்பது?

இந்தக் கேள்விக்கான விடையின் முதல் பகுதி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டது. 1863இல் ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் ஃபிரீட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன் முயல்களின் ஒமென்டத்தில் வெண்ணிறச் செல் திரள்களைக் கண்டு விவரித்தார். 1874இல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் லூயி ரன்வியே அவற்றுக்குப் ‘பால் புள்ளிகள்’ என்று பெயரிட்டார். மஞ்சள் கொழுப்பின் மேல் சிந்திய பால்துளி போலத் தெரிவதால் வந்த பெயர் அது. இன்றுவரை அதுவே நிலைத்திருக்கிறது. பெயர் வைத்த பிறகு பல பத்தாண்டுகள் அவை உடற்கூறியல் நூல்களின் ஓர் ஓரத்தில் கிடந்தன என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நுண்ணோக்கியில் அவை எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திசுவை மெழுகில் பதிக்கும்போது கொழுப்பு கரைந்து போய்விடும். எனவே சிலைடில் கொழுப்புச் செல்கள் வெறும் வெள்ளை வட்டங்களாக, மெல்லிய இளஞ்சிவப்புக் கோடுகளால் பிரிக்கப்பட்ட வலைப்பின்னலாகத் தெரியும். அந்த வலையின் ஓரத்தில், சவ்வின் மேற்பரப்பை ஒட்டியோ ஒரு சிறு இரத்தக் குழாயைச் சுற்றியோ, ஊதா நிறக் கருக்கள் நெருக்கமாகக் கூடிய ஒரு திட்டு இருக்கும். குறைந்த உருப்பெருக்கத்தில் அதை ‘லேசான அழற்சி’ என்று எண்ணிக் கடந்துவிடுவது மிக எளிது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால், சுருண்டு வளைந்த தந்துகிகளின் முடிச்சும், அதைச் சுற்றிக் கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கிகளும், பி செல்கள், டி செல்கள் என்ற நிணச்செல்களும், இடையிடையே அழற்சியைத் தூண்டும் மாஸ்ட் செல்களும் தெரிய ஆரம்பிக்கும். நிணநீர்க்கணுவுக்கு இருப்பது போன்ற நார் உறை இதற்கு இல்லை. மேலே போர்த்தியிருக்கும் மீசோதீலியமும் மற்ற இடங்களில் இருப்பதுபோல் தட்டையாகவும் தொடர்ச்சியாகவும் இல்லை. அந்தச் செல்கள் உருண்டு, இடைவெளி விட்டு நிற்கின்றன. அந்த இடைவெளிகள் வழியாகத்தான் வயிற்றறைத் திரவத்துக்கும் இந்தக் கொத்துக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுகிறது. நிணநீர்க்கணு தனக்குக் குழாய் வழியே வருவதை மட்டும் பார்க்கும். பால் புள்ளியோ திரவத்தையே நேராக வடிகட்டுகிறது. வயிற்றறைத் திரவம் ஓரிடத்தில் நிற்பதில்லை, மூச்சு விடும்போது உதரவிதானம் ஏறி இறங்குவதாலும் குடல் அசைவதாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், ஓர் இடத்தில் ஒட்டியிருக்கும் சிறு கொத்து எப்படி ஒரு குழி முழுவதையும் கவனித்துக்கொள்ள முடிகிறது என்பது விளங்கும்.

இவை வயிற்றுக்கு மட்டும் உரியவை அல்ல. 1928இல் ஓட்டோ காம்ப்மையர் பிறந்த குழந்தைகளின் மார்பு நடுப்பகுதியை ஒட்டிய புளூராவில் இதே போன்ற அமைப்புகளை விவரித்தார். அவை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. பிறகு நீண்ட இடைவெளி. 2010இல் ஜப்பானில் கசுயோ மோரோ, ஷிகெயோ கொயாசு ஆகியோரின் குழு, குடலைத் தாங்கும் மெசன்ட்ரி சவ்வின் கொழுப்பில், இரத்தக் குழாய்களை ஒட்டிச் சிறுசிறு நிணக்கொத்துகள் இருப்பதைச் சுண்டெலிகளிலும் மனிதரிலும் காட்டியது. அவற்றைக் கொழுப்பைச் சார்ந்த நிணக்கொத்துகள் என்று அவர்கள் அழைத்தார்கள். அந்த ஆய்வின் பெரிய விளைவு வேறொன்று: அந்தக் கொத்துகளுக்குள் பி செல்லும் அல்லாத, டி செல்லும் அல்லாத ஒரு புதுவகை நிணச்செல்லை அவர்கள் கண்டார்கள். இன்று அதை இரண்டாம் வகை இயல்பு நிணச்செல் என்கிறோம். ஆஸ்துமா, ஒவ்வாமை, குடற்புழுத் தொற்று ஆகியவற்றைப் பற்றி இன்று நடக்கும் எந்த உரையாடலிலும் இந்தச் செல் இடம்பெறாமல் இருப்பதில்லை. நாம் வெறும் கொழுப்பு என்று தள்ளி வைத்த இடத்திலிருந்து இப்படி ஒரு செல் வெளிவந்ததை, இந்தத் துறையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கொத்துகள் ஏன் கொழுப்பையே தேடிப் போகின்றன என்பதற்கும் இதிலிருந்து ஓரளவு பதில் கிடைக்கிறது. கொழுப்புத் திசுவில் உள்ள தாங்கு செல்கள் இன்டர்லூக்கின்-33 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. திசு சேதமடையும்போது அது வெளியே கசிந்து, இரண்டாம் வகை நிணச்செல்களைத் தட்டி எழுப்புகிறது. அவை இன்டர்லூக்கின்-5ஐச் சுரக்க, அதன் தூண்டலால் பக்கத்தில் உள்ள பி செல்கள் பெருகி, ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. 2016இல் எடின்பரோவில் லூசி ஜாக்சன்-ஜோன்ஸ், செசீல் பெனெசெக் ஆகியோர் உள்ளிட்ட குழு, இந்தத் தொடர் நிகழ்வை எலிகளின் நுரையீரல் உறையில் நேரடியாகக் காட்டியது. புளூரா அறையில் தொற்று ஏற்பட்டபோது, அந்தக் குழியில் சேர்ந்த ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளை அருகிலிருந்த கொழுப்பின் நிணக்கொத்துகளே சுரந்தன.

இங்கே பி செல் என்று பொதுவாகச் சொன்னாலும், உடற்குழிகளில் குடியிருப்பது பெரும்பாலும் பி-1 என்ற தனி வகை. தடுப்பூசி போட்டோ தொற்று வந்தோ கற்றுக்கொள்ளும் பி செல்களைப் போல் அல்லாமல், இவை முன்பின் பார்த்திராத கிருமிகளின் மேற்பரப்பில் பொதுவாகக் காணப்படும் மூலக்கூறுகளையும் பற்றிக்கொள்ளும் ஐஜிஎம்மைப் பிறவியிலிருந்தே சுரந்துகொண்டிருக்கின்றன. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவின் சுவரில் உள்ள பாஸ்போரில்கோலின் இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. இந்த பி-1 செல்களைக் குழிகளுக்கு வரவழைப்பது சிஎக்ஸ்சிஎல்13 என்ற ஈர்ப்புப் புரதம்; அது இல்லாத எலிகளின் வயிற்றறையில் பி-1 செல்கள் போதிய அளவில் சேர்வதில்லை. அந்த ஈர்ப்புப் புரதத்தைச் சுரப்பவை பால் புள்ளிகளில் உள்ள செல்களே.

இந்தக் கொத்துகள் உருவாகும் விதத்தில்தான் என் மனம் அதிகம் தங்குகிறது. நிணநீர்க்கணுக்கள் கருவிலேயே, எந்தெந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற திட்டத்தோடு, நிணத்திசு தூண்டும் செல்கள் என்ற தனிப் பணியாளர்களின் உதவியால் உருவாகின்றன. அந்தச் செல்கள் இல்லாவிட்டால் கணுக்களே இருக்காது. 2009இல் டிராய் ராண்டலின் குழு, அந்தச் செல்கள் இல்லாத எலிகளிலும் பால் புள்ளிகள் உருவாகின்றன என்றும், வயிற்றறைக்குள் செலுத்திய அயற்பொருள்களுக்கு எதிராக அவற்றில் பி, டி செல்களின் எதிர்வினை நடக்கிறது என்றும் காட்டியது. 2015இல் பெனெசெக்கும் ஹோர்ஹே காமான்யோவும் பங்கேற்ற ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: வயிற்றறையில் அழற்சியை உண்டாக்கினால் மெசன்ட்ரி கொழுப்பில் புதிய கொத்துகள் தோன்றுகின்றன, அதற்கு டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதமும், அதை உணரும் தாங்கு செல்களும் வேண்டும். அதாவது, தேவை ஏற்படும் இடத்தில், தேவை ஏற்படும் நேரத்தில், வளர்ந்த உடலுக்குள் ஒரு நிணத்திசு புதிதாகக் கட்டப்படுகிறது. உறுப்பு என்றால் பிறக்கும்போதே எண்ணிக்கையும் இடமும் வரையறுக்கப்பட்ட ஒன்று என்று படித்து வந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது சிந்தனையையே மாற்றக் கூடிய செய்தி. மனிதரின் ஒமென்டத்தில் பால் புள்ளிகள் கருவிலேயே தோன்றிவிடுகின்றன என்பதும், குழந்தைப் பருவத்தில் மிகுந்து வயது கூடக் கூடக் குறைகின்றன என்பதும் உண்மைதான். ஆயினும் வயதானவரின் ஒமென்டத்திலும் அழற்சி வந்தால் அவை பெருத்து நிற்பதைச் சிலைடுகளில் காண முடிகிறது.

குடல்வால் வெடித்த நோயாளியின் வயிற்றைத் திறக்கும் அறுவை மருத்துவர்கள், ஒமென்டம் அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, சீழைச் சுற்றி மூடியிருப்பதை அடிக்கடி காண்பார்கள். இதைக் கண்டுதான் இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு மோரிசன் 1906இல் ஒமென்டத்தை வயிற்றின் காவலர் என்று வருணித்தார். 1937இல் கனடாவின் ராஸ்கோ கிரகாம், முன்சிறுகுடலில் புண் ஓட்டையானால் ஒமென்டத்தின் ஒரு துண்டை அதன் மேல் வைத்துத் தைத்து அடைக்கும் முறையை விவரித்தார். அது இன்றளவும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒமென்டத்துக்குத் தானாக நகரும் தசை எதுவும் இல்லை. குடலின் அசைவிலும் மூச்சின் அசைவிலும் அது அலைந்து, அழற்சி உள்ள பரப்பில் ஃபைப்ரின் என்ற ஒட்டும் புரதத்தால் ஒட்டிக்கொள்கிறது. அது ஏன் அவ்வளவு திறமையாகக் கிருமிகளைப் பிடிக்கிறது என்பதன் செல் மட்டத்து விளக்கம் 2020இல் எடின்பரோ குழுவிடமிருந்து வந்தது. வயிற்றறையில் அழற்சி தொடங்கிய சில மணி நேரங்களில், பால் புள்ளிகளை மூடியிருக்கும் செல்கள் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்களை ஈர்க்கும் புரதத்தைச் சுரக்கின்றன. இரத்தத்திலிருந்து வெளியேறி வரும் நியூட்ரோஃபில்கள் அந்தக் கொத்துகளின் மேல் குவிந்து, தங்கள் டிஎன்ஏவையே வெளியே வலையாக விரித்து, திரவத்தில் மிதக்கும் அயற்பொருள்களை அதில் சிக்க வைக்கின்றன. அந்த வலை உருவாகாமல் தடுத்தால் அயற்பொருள்கள் வேறிடங்களுக்குப் பரவுகின்றன. குடல்வால் அழற்சி வந்த நோயாளிகளின் ஒமென்டத்திலும் இதே நியூட்ரோஃபில் குவியல்களை அவர்கள் கண்டார்கள். அறுவை அரங்கில் நூறாண்டுக்கும் மேலாகக் கண்ணால் கண்டு வந்த ஒன்றுக்கு, இப்படி மணிக்கு மணி என்ன நடக்கிறது என்ற விளக்கம் கிடைத்ததை நான் பெரிய நிறைவோடு படித்தேன்.

ஆனால் இந்தப் பிடிக்கும் திறனே ஓர் இடத்தில் உடலுக்கு எதிராகத் திரும்புகிறது. சூலகப் புற்றுநோய் இரத்தத்தில் கலந்து தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் போவதை விட, செல்களை வயிற்றறைத் திரவத்தில் உதிர்த்துப் பரவுவதே அதிகம். அப்படி உதிர்ந்த செல்கள் முதலில் குடியேறும் இடங்களில் முதன்மையானது ஒமென்டம். எலிகளில் நடந்த ஆய்வுகளில், பால் புள்ளிகள் உள்ள கொழுப்பில் இந்தச் செல்கள் விரைவாகப் படிந்தன. அவை இல்லாத கொழுப்பில் படிவது மிகக் குறைவாக இருந்தது. வடிகட்டும் அமைப்பு கிருமியைப் போலவே புற்றுச் செல்லையும் பிடித்து நிறுத்துகிறது. கிருமியை அழிக்கும் அது புற்றுச் செல்லை அழிக்கத் தவறுகிறது. பக்கத்தில் இருக்கும் கொழுப்போ அந்தச் செல்லுக்கு உணவாகிவிடுகிறது. 2011இல் சிகாகோவில் எர்ன்ஸ்ட் லெங்கியேலின் குழு, ஒமென்டத்தின் கொழுப்புச் செல்கள் தங்கள் கொழுப்பு அமிலங்களைப் புற்றுச் செல்களுக்கு மாற்றிக் கொடுத்து அவற்றின் வளர்ச்சிக்கு ஆற்றல் தருவதைக் காட்டியது. 2019இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, சூலகத்தில் கட்டி இருக்கும்போதே, ஒமென்டத்தில் இன்னும் ஒரு செல்லும் படியாத நிலையிலேயே, நியூட்ரோஃபில்கள் அங்கு சேர்ந்து வலை விரித்து, படிவுக்கு இடம் தயார் செய்கின்றன என்று எலிகளில் கண்டது. சீழைப் பிடிக்கும் வலையும் புற்றைப் பிடிக்கும் வலையும் ஒன்றுதான். எனவே சூலகப் புற்றில் ஒமென்டத்தை அகற்றுவது முற்றிலும் சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. வேறு காரணங்களுக்காக வயிற்றைத் திறக்கும்போது, இடைஞ்சலாக இருக்கிறது என்பதற்காக அதைத் தாராளமாக வெட்டி எறியும் பழக்கத்தைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

இதயத்தைச் சுற்றியுள்ள கொழுப்பிலும் இதே இரட்டைத் தன்மை தலைகாட்டுகிறது. மாரடைப்பை உண்டாக்கிய எலிகளில் பெரிகார்டியக் கொழுப்பின் நிணக்கொத்துகள் பெருத்து, அங்குள்ள பி செல்கள் சுரக்கும் ஒரு வளர்ச்சிப் புரதத்தின் விளைவாக எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் உற்பத்தி கூடி, இதயத் தசையில் தழும்பு அதிகமானது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. அந்தக் கொழுப்பை நீக்கிய எலிகளின் இதயம் மேம்பட்டுச் செயல்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே வந்த இன்னொரு ஆய்வு, பெரிகார்டியத் திரவத்தில் உள்ள, கேட்டா-6 என்ற புரதத்தால் அடையாளம் காணப்படும் பெருவிழுங்கிகள் காயமடைந்த இதயத்துக்குள் ஊடுருவித் தழும்பைத் தடுக்கின்றன என்று காட்டியது. ஒரே குழி, ஒரே காயம், எதிரெதிரான இரு விளைவுகள். இரண்டும் எலிகளில் நடந்த கவனமான ஆய்வுகளே. எனவே இதய அறுவைச் சிகிச்சையில் அந்தக் கொழுப்பையும் சவ்வையும் அகற்றுவது நல்லதா கெட்டதா என்று இப்போதே அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எலியின் நிணக்கொத்தில் பி செல்கள் மிகுந்திருக்கின்றன, மனிதரின் பால் புள்ளியில் பெருவிழுங்கிகளே பெரும்பான்மை என்ற ஒரு வேறுபாடு போதும், நம்மை நிதானப்படுத்த.

மனிதத் திசுவில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டுமானால், அந்தத் திசு தினமும் வந்து சேரும் இடம் எங்கள் மேசைதான். சூலகப் புற்றுக்காக வரும் ஒமென்டத்தில் கண்ணுக்குப் படிவு எதுவும் தெரியாதபோதும் பல இடங்களிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள நடைமுறை. கையில் தட்டுப்படாத நுண்படிவுகள் சிலரிடம் இருக்கும். அவை இருந்தால் நோயின் நிலை மாறும், சிகிச்சையும் மாறும். அந்த மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது துண்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வெண்மையாகத் தெரியும் இடங்களையும் சிறு குழாய்களின் ஓரங்களையும் சேர்த்து எடுக்குமாறு என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்கிறேன். நுண்ணோக்கியின் கீழ் ஓர் ஊதாத் திட்டு தெரிந்தால், அழற்சி என்று கடந்து போகாமல் உருப்பெருக்கத்தைக் கூட்டி, அதன் ஓரத்தில் தனித்து நிற்கும் பெரிய கரு கொண்ட செல் ஏதும் உள்ளதா என்று பார்க்கச் சொல்கிறேன். ஐயம் எழுந்தால் சூலகப் புற்றுச் செல்லைக் காட்டும் சாயத்தையும், பெருவிழுங்கிகளைக் காட்டும் சாயத்தையும் அடுத்தடுத்த வெட்டுகளில் ஏற்றிப் பார்த்துவிடுகிறோம். புற்று இல்லையென்றாலும் ‘பால் புள்ளிகள் காணப்படுகின்றன’ என்று அறிக்கையில் எழுதுகிறோம்; எங்கள் அறிக்கையில் அந்த வரி இப்போது வழக்கமாக இடம்பெறுகிறது.